உச்சிமாகாளியின் முகப்பு

கதவு முதலில் வரவேற்றது சம்யுக்தாவை. சரியாகச் சொன்னால் அவளை இல்லை, அவளுடைய கொள்ளுத்தாத்தாவை.

"வணக்கம், பேராசிரியர் வைத்தியலிங்கம் அவர்களே! நல்வரவு!" என்று குழைந்துகொண்டு திறந்தது. அந்தப் பேராசிரியர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவருடைய கொள்ளுப்பேத்தி கையில் காபியோடு, கதவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி உள்ளே போனாள்.

அடுத்து நின்றவள் பொற்கனி. மணிக்கட்டை நீட்டினாள். கதவு யோசித்தது. அது யோசிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தினமும் அவளுக்கு வயிறு எரிய ஆரம்பிக்கும்.

"பொற்கனி. ஒன்றாம் வகுப்பு. அரசு தொடக்கப் பள்ளி, தேரிக்கரை காலனி," என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டு, "வந்த காரியம்?" என்றது.

"வேலை பாக்க."

"சரிபார்க்கிறேன். காத்திருக்கவும்."

"நாலு வருசமா சரிபாத்துக்கிட்டேதான் இருக்க, மூதி," என்றாள் பொற்கனி. இந்தக் கட்டடத்தில் ஓடுகிற நிரல்களில் பாதி அவள் எழுதியது. கதவுக்கு அது தெரியாது. அதெல்லாம் சரத்தின் வாலில் இருந்தது. கதவு வாலைப் பார்ப்பதில்லை.

பள்ளிக்கூடம் சேருகிற அன்றைக்கு எல்லார் மணிக்கட்டிலும் ஓர் 'எழுதி'யைக் கட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து படித்தது, பார்த்த வேலை, பெற்ற பிள்ளை, வாய்விட்டுச் சொன்ன முக்கியமான சொல் எல்லாவற்றையும் அது ஒரே நீளமான சரமாக எழுதிக்கொண்டு போகும். அதுதான் வாழ்சரம். எழுதி வரும் முன்பே வளர்ந்துவிட்டவர்களுக்கு, படிப்பையும் வேலையையும் முதலிலும் மற்ற கதையைப் பின்னாலும் ஏற்றிக்கொடுத்தார்கள். எழுதியதை அழிக்க முடியாது, நடுவில் கைவைக்கவும் முடியாது. புதிதாக வருவது கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கதவு, வங்கி, மருத்துவமனை, கல்யாணத் தரகு நிலையம் எங்கு போனாலும் ஒரு 'வாசிப்பான்' உட்கார்ந்திருக்கும். ஆனால் அது முழுச் சரத்தையும் வாசிக்காது. முதல் ஆயிரம் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும். அந்தத் துண்டுக்குப் பெயர் முகப்பு. ஆரம்ப காலத்தில் கருவிகள் மெதுவாக ஓடின என்று யாரோ ஒரு பொறியாளர், 'இப்போதைக்கு இது போதும், பிறகு சரிசெய்யலாம்' என்று எழுதிவைத்தார். அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இப்போதைக்கு என்று எழுதியது அப்படியே நின்றுவிட்டது.

பிறகு வந்தது முன்சேர்ப்புச் சட்டம். பெற்றவர்கள் தங்கள் முகப்பை, முழுதாகவோ சுருக்கியோ, பிள்ளையின் சரத்துக்கு முன்னால் வைக்கலாம் என்றது. இறந்தவர் என்றால் வாரிசு கையெழுத்துப் போட்டால் போதும். ரத்த உறவு வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை, தருபவரின் ஒப்புதல்தான் கேட்டது. வாசிப்பானுக்கு ரத்தம் எங்கே தெரியும்? அதைப் பொறுத்தவரை முன்னால் நிற்பவர் பெற்றவர், பின்னால் வருவது பிள்ளை. பிள்ளை இல்லாத ஒரு நீதிபதி, தனக்குச் சாப்பாடு கொண்டுவந்த கடைக்காரர் மகனுக்குத் தன் முகப்பைக் கொடுத்துவிட்டார். அந்தப் பையனுக்கு இன்றைக்கும் கதவெல்லாம் சலாம் போடுகிறது. ஒரே கட்டுப்பாடு, ஒருவர் முகப்பு ஒருவருக்குத்தான். முகப்பு வாங்கிய இரண்டு சரங்கள் ஒரே மாதிரி தொடங்கினால் வாசிப்பான் இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று எண்ணிவிடும். அதனால் வீட்டுக்கு வீடு சண்டை. கலெக்டராக இருந்த அத்தை யாருக்கு என்பதில் பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பிகளைப் பொற்கனிக்கே தெரியும்.

தெரியாமல் என்ன? அவள் வேலையே முன்சேர்ப்புப் பிரிவில்தான்.

பின்னால் சேர்ப்பது சுலபம். கடைசி எழுத்துக்கு அடுத்து இடம் திறந்து கிடக்கிறது. முன்னால் அப்படி இல்லை. முதல் எழுத்துக்கு முன்னால் இடம் என்று ஒன்றே கிடையாது. ஒரு புதுச் சரத்தைத் தொடங்கி, வேண்டியவரின் முகப்பை அதில் முதலில் எழுதி, பழைய சரம் முழுவதையும் அதன் பின்னால் ஓர் எழுத்து விடாமல் நகலெடுத்து, கடைசியில் பழையதை எறிய வேண்டும். ஒரு தாத்தாவை முன்னால் வைப்பதற்காக ஒரு முழு வாழ்க்கையைத் தூக்கிப் பின்னால் நகர்த்துகிற வேலை. பொற்கனி தினமும் அதைச் செய்தாள். வந்த விண்ணப்பங்களையெல்லாம் கணினி சரிபார்த்து அடுக்கிவைக்கும். அவள் பொத்தானை அழுத்த வேண்டும்.

யாருக்கு யார் தாத்தா வந்து உட்காருகிறார் என்று ஆரம்பத்தில் வாசித்துப் பார்த்தாள். துணைவேந்தர், தலைமை மருத்துவர், தூதர். வாசிக்க வாசிக்க நெஞ்சு காந்தியது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஒருநாள் கோபத்தில் திரையில் பெயர் வருகிற பத்தியையே மறைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எண்களைப் பார்த்து அழுத்துவதோடு சரி.

அந்த நேரத்தில்தான் நிலாவின் மறுபுறத்தில் இருக்கிற தொலைநோக்கி நிலையத்துக்கு ஒரு நிரலாளர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. இடம் ஒன்று. அந்தத் தொலைநோக்கியின் நிரலைத் தேரிக்கரையில் இருந்தபடியே இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருத்தி சம்யுக்தா, இன்னொருத்தி பொற்கனி.

"போட்டாச்சா?" என்று உணவுக்கூடத்தில் எதிரே வந்து உட்கார்ந்தாள் சம்யுக்தா.

"போட்டேன். கிடைக்கப் போறது யாருக்குன்னுதான் தெரியுமே."

"எனக்குங்கிறியா?"

"உனக்கு எங்க? உங்க பேராசிரியருக்கு. செத்த மனுசன் நிலாவுக்குப் போறாரு, குடுத்துவச்சவரு."

சம்யுக்தா சிரிக்கவில்லை. "என் முகப்புல கொள்ளுத்தாத்தா, தாத்தா, அம்மா. அதோட ஆயிரம் எழுத்து முடிஞ்சுபோகுது கனி. இன்னைக்கு வரைக்கும் ஒரு கதவுகூட என் பேரைச் சொன்னதில்ல."

"ஐயோ பாவம்," என்றாள் பொற்கனி. "என் பேரச் சொல்லுதே, சொல்லிட்டு வெளிய நிக்கவைக்குதே, நீ வேணா மாத்திக்கிடுதியா?"

சம்யுக்தா காபியை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அவளுடைய நடையைப் பார்த்தாலே பொற்கனிக்குப் புகைந்தது. அவள் யாரிடமும் அனுமதி கேட்காத மாதிரி நடப்பாள். அப்படி நடக்கப் பொற்கனி கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கூடப் பார்த்திருக்கிறாள். வரவில்லை.

சாயங்காலம் அம்மாவைப் பார்க்கப் போனாள். உச்சிமாகாளிக்குத் தேரிக்காட்டில் சூரியத் தகடு துடைக்கிற வேலை. கடல் காற்றில் உப்பும் தேரியின் செம்மண்ணும் சேர்ந்து தகடுகளில் சிவப்பாகப் படியும். இயந்திரத்தை விட்டுத் துடைத்தால் கண்ணாடி கீறிப்போகிறது என்று இந்த வேலைக்கு மட்டும் இன்னும் ஆள் வைத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மகள் சொன்னதைக் கேட்டாள்.

"நிலாவுக்கா? நெசமாவா சொல்லுத?"

"விண்ணப்பம்தான் போட்டிருக்கேன். என் முகப்ப வச்சுக்கிட்டு எங்க போக?"

"ஏன், எனக்கும்தான் ஒண்ணு இருக்குல்லா?" உச்சிமாகாளி மணிக்கட்டைக் காட்டினாள். "என்னத முன்னால வச்சுக்கோயேன். நீ போனா என் பேரும் மேல போவும்லா?"

பொற்கனிக்குக் காலையில் கதவு நிற்கவைத்தது நினைவுக்கு வந்தது. அதே கதவு, அதே கூடம். எல்லாரும் திரும்பிப் பார்க்க, தினமும் அம்மா பேரையும் ஏழாம் வகுப்பையும் தகடு துடைப்பதையும் அது உரக்க வாசிக்கிற மாதிரி ஒரு காட்சி மனசில் ஓடியது.

"உன் பேர முன்னால வச்சா இருக்கிற கதவும் மூஞ்சில அடைக்கும். நீ பின்னாலயே இரும்மா."

உச்சிமாகாளி கையிலிருந்த துணியை உதறினாள். கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டு அடுத்த தகட்டுக்குப் போனாள். இரண்டு பேர் மணிக்கட்டிலும் எழுதிகள் அந்த வாக்கியத்தை எழுதி முடித்தன.

அடுத்த வாரக் கூட்டத்தில் பொற்கனி எழுந்தாள். அவளுக்கு மூன்று இரவுகள் உறக்கம் இல்லை. கண் சிவந்திருந்தது.

"தேர்வு செய்யிற வாசிப்பான் முகப்ப மட்டும் வாசிக்கக் கூடாது சார். வாலையும் வாசிக்கட்டும். எங்க தொடங்குனாங்க, இப்ப எங்க நிக்காங்கன்னு பாத்து ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரத்துக்கு மதிப்பெண் போடட்டும். தாத்தா தோள்ல உக்காந்திருக்கவளும் தரையில இருந்து ஏறுனவளும் ஒண்ணா?"

பிரிவுத் தலைவரும் நிலாவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவருமான கோயில்பிச்சை நிமிர்ந்து பார்த்தார். "யம்மா, நீ யோசனை சொல்ல வந்தியா, சண்டைக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும்தான் சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. போன தடவை நிலாவுக்கு அனுப்பிய ஆளின் முகப்பில் மூன்று தலைமுறைப் பொறியாளர்கள். அந்த ஆளுக்குத் திருகாணி முடுக்கத் தெரியவில்லை. மேலே இருந்து வந்த வசவு முழுவதையும் கோயில்பிச்சைதான் வாங்கினார். பொற்கனியின் யோசனை மேலிடத்துக்குப் போனது, ஒப்புதலும் ஆனது. அந்த அளவைக்கு 'ஏற்றம்' என்று பெயர் வைத்தார்கள். நிரலை அவளே எழுதினாள். சரத்தின் முதல் ஆயிரம் எழுத்து, கடைசி ஆயிரம் எழுத்து, நடுவில் உள்ள உயரம். நடுவை வாசிக்கத் தேவையில்லை. சுத்தமான, சிறிய நிரல். அதை எழுதி முடித்த அன்றைக்கு அவளுக்கு முதல்முறையாகச் சோறு ருசித்தது. வைத்தியலிங்கத்தில் தொடங்கி சம்யுக்தாவில் முடிகிற சரத்தில் ஏற்றம் எங்கே இருக்கும்? அது சமதரை.

"நல்லா பண்ணியிருக்க," என்றாள் சம்யுக்தா, நிரலை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு. "முதல் எழுத்துல இருந்துதான் கணக்குன்னு வச்சிருக்க, இல்ல?"

"பின்ன எங்க இருந்து?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அந்தக் கேள்வியிலேயே பொற்கனி விழித்திருக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் சரங்களுக்கெல்லாம் புது முதல் எழுத்து வைத்துக்கொண்டிருப்பவள் அவள்தான். ஆனால் முன்னால் வைப்பது என்றால் எல்லாரும் உசத்தியைத்தான் வைப்பார்கள் என்பது அவளுக்குள் ஊறிப்போயிருந்தது. தகடு துடைப்பவளைத் தேடிவந்து முன்னால் வைப்பாள் ஒருத்தி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அவளே வைக்கமாட்டேன் என்று சொன்னவள்.

நடுவில் அம்மா ஒருநாள் அழைத்தாள். "ஏளா, உங்க ஆபீசுப் பிள்ள ஒண்ணு..." என்று தொடங்கினாள். "வேலையா இருக்கேம்மா, பொறவு பேசுதேன்," என்று வைத்துவிட்டாள் பொற்கனி. பிறகு பேசவில்லை. அன்றைக்கு வந்த விண்ணப்பங்களை எண் பார்த்து வரிசையாக அழுத்தி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை. கதவுக்கு முன்னால் சம்யுக்தா, அவள் பின்னால் பொற்கனி. சம்யுக்தா மணிக்கட்டை நீட்டினாள்.

கதவு யோசித்தது.

"உச்சிமாகாளி," என்றது. "ஏழாம் வகுப்பு, இடையில் நின்றது. தகடு துடைப்பவர், தேரிக்காடு. வந்த காரியம்?"

பொற்கனி சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அம்மா எங்கே இங்கே வந்தாள் என்று. வாசலில் யாரும் இல்லை.

"வேலை பாக்க," என்றாள் சம்யுக்தா கதவிடம், ரொம்பப் பொறுமையாக. அவள் கதவு முன்னால் நின்று பதில் சொல்வதைப் பொற்கனி பார்ப்பது அதுவே முதல்முறை.

பொற்கனி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். குரல் கத்தலாக வந்தது. "எங்கம்மாவ எதுக்குடி எடுத்த? திருடி!"

"திருடல. கேட்டேன், குடுத்தாங்க."

"எங்கம்மா எதுக்கு உனக்குக் குடுக்கணும்?"

"அதை அவங்ககிட்ட கேளு." சம்யுக்தாவின் குரல் இறங்கியது. "உங்கம்மா சரத்த நீ முழுசா வாசிச்சிருக்கியா கனி?"

பொற்கனியின் கண் தன் மணிக்கட்டுக்குப் போனது.

"நான் வாசிச்சேன். தினமும் சாயங்காலம் போய் அவங்க பக்கத்துல உக்காந்து வாசிச்சேன். ஏழாம் வகுப்புல பள்ளிக்கூடச் சுவரேறிக் குதிச்சு ராக்கெட் பாக்கப் போயிருக்காங்க. ஏவுதள வேலியப் பிடிச்சுக்கிட்டு நின்னு முழுசாப் பாத்துட்டுத்தான் திரும்புனாங்களாம். வந்தா, பள்ளிக்கூடத்துல பேர வெட்டிட்டாங்க. படிப்பு நின்னது அதனால. முதல்ல நான் போனது என்னமோ முகப்புக்காகத்தான். அத மறைக்கல."

பொற்கனிக்கு எரிந்தது முகப்புக்காக இல்லை. நிலாவுக்காகவும் இல்லை. அம்மாவின் படிப்பு வறுமையில் நின்றது என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள். பேச்சுப் போட்டியில்கூட அதைச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறாள். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது சம்யுக்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு விஷயம் இவளிடம் இருக்கிறது, தன்னிடம் இல்லை. வைத்தியலிங்கத்துக்காக எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தன் கணினித் திரைக்கு ஓடினாள். மறைத்துவைத்த பெயர்ப் பத்தியைத் திறந்து நேற்றைய வேலையைத் தேடினாள். தருபவர் உச்சிமாகாளி. பெறுபவர் சம்யுக்தா. ஒப்புதல் சரி. செயல்படுத்தியவர் பொற்கனி.

முன்சேர்ப்பைத் திரும்ப எடுக்க முடியாது. பழைய சரத்தை எறிந்த பிறகுதானே வேலை முடிகிறது. எறிந்ததும் அவள் விரல்தான்.

தேரிக்காட்டில் அம்மா தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் வருகிற வேகத்தைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"என்னோடதக் குடுக்க நான் யாரக் கேக்கணும்?"

"நான் உன் மவம்மா!"

"அதான மொதல்ல உன்கிட்ட கேட்டேன்? நீ என்ன சொன்ன? இந்தா, இதுல எழுதியிருக்கு, வாசிச்சுக் காட்டட்டா?"

பொற்கனி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"பின்னாலயே இருன்ன. சரி, இருந்தேன். அந்தப் பிள்ள வந்திச்சு. மொதல்ல காரியத்துக்குத்தான் வந்திச்சு, எனக்குத் தெரியாதா? ஆனா உக்காந்து வாசிச்சிச்சு. எனக்கே மறந்துபோனதெல்லாம் வாசிச்சுச் சொல்லிச்சு." உச்சிமாகாளி துணியைப் பிழிந்தாள். சிவப்புத் தண்ணீர் மணலில் இறங்கியது. "எனக்கு மேல போவணும்னு ஆச இருக்கக் கூடாதாளா? நான் எப்பிடிப் போவ? பேராவது போவட்டும்."

"என்கூடப் போயிருக்குமே!"

"நீதான் கூட்டிட்டுப் போவலியே."

முடிவு வந்தது. வாலில் இரண்டு பேரும் சமம். முகப்பில்தான் வித்தியாசம். பொற்கனியின் சரம் ஒன்றாம் வகுப்பில் முதல் மாணவியாகத் தொடங்கியது, ஆயிரம் எழுத்து முடிவதற்குள் இரண்டு பரிசு வேறு வாங்கியிருந்தாள். சம்யுக்தாவின் சரம் படிப்பு நின்றுபோன ஒரு தகடு துடைப்பவளிடம் தொடங்கியது. பொற்கனி எழுதிய நிரல் ஒரு பிழையும் இல்லாமல் ஓடி, ஏற்றம் அதிகம் சம்யுக்தாவுக்கே என்றது.

கோயில்பிச்சை அவளை அழைத்துச் சங்கடத்தோடு சொன்னார். "நிரல்ல தப்பு இருக்கான்னு நாங்க ரெண்டு தடவ பாத்துட்டோம்மா. இல்ல. அருமையா எழுதியிருக்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப முன்சேர்ப்புப் பிரிவுல கூட்டம் தாங்கல. உப்பளம், குப்பைக் கிடங்கு, செங்கல் சூளைன்னு ஆள் தேடிக்கிட்டு அலையுதானுவ. பெரிய பெரிய இடத்துப் பிள்ளைய எல்லாம். கொஞ்சம் சீக்கிரம் வந்து அழுத்திக் குடு," என்றார்.

விண்கலம் புறப்படுகிற நாளில் அம்மாதான் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனாள். ஏவுதள வேலிக்கு இந்தப் பக்கம் ஒரே கூட்டம். உச்சிமாகாளி புதுச் சேலை கட்டியிருந்தாள். முண்டியடித்து முன்னால் போய் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியைப் பார்த்ததும் பொற்கனிக்குத் தெரிந்துவிட்டது, இது முதல்முறை இல்லை என்று.

தூரத்தில் வெள்ளை உடுப்பில் சம்யுக்தா ஏணியடியில் நின்று மணிக்கட்டை நீட்டினாள். கலத்தின் வாசிப்பான் வாசித்ததை ஒலிபெருக்கி தேரி முழுக்கக் கேட்கச் சொன்னது.

"உச்சிமாகாளி. ஏறுக."

"இந்தா வாரேன்," என்றது பொற்கனிக்குப் பக்கத்தில் ஒரு குரல், மெல்ல, தன்னையறியாமல்.

நெருப்பும் சத்தமும் அடங்கி, புகை மட்டும் வானத்தில் கோடாக நின்றபோது உச்சிமாகாளியின் மணிக்கட்டில் எழுதி அதிர்ந்தது. கண் கூசி நீர் வடிந்தது அவளுக்கு. கையை மகள் பக்கம் நீட்டினாள்.

"கண்ணு தெரியல. என்ன எழுதுதுன்னு வாசி."

பொற்கனி குனிந்து பார்த்தாள். அம்மாவின் சரத்தை அவள் வாசிப்பது அதுதான் முதல்முறை. நடுவில் எங்கோ 'பெண் குழந்தை பிறந்தது' என்று இருக்கத்தான் செய்யும். நடுவை எந்தக் கருவியும் வாசிப்பதில்லை. வாலில் இரண்டு வரி புதிதாக வந்திருந்தது.

"மகள் நிலாவுக்குப் புறப்பட்டாள்," என்று வாசித்தாள்.

"ம். பொறவு?"

"உடன் நின்றவர் ஒருவர்."

உச்சிமாகாளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யாருளா?" என்றாள்.